பெட்டியைக் கட்டியது யார்?

விருத்தாசலத்தை அடுத்த நல்லூரில் ஒரு வீட்டிலிருந்து யாராவது வெளிநாடு கிளம்பினால், முந்தின நாள் இரவே தெருவுக்குத் தெரிந்துவிடும். கூடத்தில் பெட்டி திறந்து கிடக்கும். ஒரு பக்கம் மிளகாய்த்தூள், பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், வறுத்த முந்திரி. இன்னொரு பக்கம் செய்தித்தாளில் சுற்றிய விருத்தாசலம் பீங்கான்: மகளுக்கு ஊறுகாய் ஜாடி, சம்பந்தி வீட்டுக்கு அகல்விளக்கு, பேரப் பிள்ளைகளின் கொலுவுக்கு இரண்டு பொம்மைகள். கொக்கித் தராசில் பெட்டியைத் தூக்கிப் பார்ப்பார்கள். முள் முப்பது கிலோவைத் தாண்டியதும் புடவையை எடுப்பதா, பொடியை எடுப்பதா என்று பேச்சு நடக்கும். அந்த நேரம் பார்த்து அடுத்த தெருக்காரர் ஒருவர் வாசலில் வந்து நிற்பார். "அண்ணே, நம்ம தம்பி அங்கதான் இருக்கான். ஒரு சின்னப் பொட்டலம். ஓரமா வெச்சுக்குங்க. ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்குவான்."

மறுக்க மனம் வராது. ஊரிலிருந்து போகிறவர் கையில் ஏதாவது கொடுத்தனுப்புவது நம் மக்களின் அன்பு. கடல் தாண்டிப் போன பிள்ளையின் வாயில் ஊர் முறுக்கு விழ வேண்டும் என்று ஒரு தாய் நினைப்பதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் திருச்சியிலோ சென்னையிலோ விமான நிலையக் கவுண்டரில் ஊழியர் ஒரு கேள்வி கேட்பார்: "பெட்டியை நீங்களேதான் கட்டினீர்களா? வேறு யாராவது ஏதாவது கொடுத்தார்களா?" பலர் கேள்வியைக் காதில் வாங்காமலே தலையாட்டிவிடுகிறார்கள். அந்தக் கேள்வியின் பின்னால் எத்தனை பிணங்கள் கிடக்கின்றன என்று தெரிந்தால் அப்படி ஆட்டத் தோன்றாது. அதன் கதையில் ஒரு பகுதி தமிழ்நாட்டிலேயே, சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நடந்தது.

1984 ஆகஸ்ட் 2, இரவு. கொழும்பு செல்லும் ஏர் லங்கா விமானத்துக்குப் பதிவு செய்த ஒரு பயணி இரண்டு பெட்டிகளைக் கொடுத்துவிட்டு, விமானத்தில் ஏறாமல் மறைந்துபோனார். ஆள் வராததால் பெட்டிகள் விமானத்துக்குப் போகாமல் நிலையக் கட்டடத்திலேயே தங்கின. பெட்டிகளில் வெடிகுண்டு இருக்கிறது என்று தொலைபேசியில் எச்சரிக்கையும் வந்தது. ஆனாலும் அவை உடனே அப்புறப்படுத்தப்படவில்லை. இரவு பதினொரு மணியை நெருங்கும்போது வெடித்தன. கூரை சரிந்தது. 33 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பக் காத்திருந்த இலங்கைப் பயணிகள். தமிழ் ஈழ ராணுவம் என்ற ஆயுதக் குழு செய்த வேலை அது என்று விசாரணையில் தெரிந்தது. குண்டு வெடிக்க வேண்டிய இடம் சென்னை அல்ல. ஆள் ஏறாத பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கே சாவு இருக்கிறது என்பதைச் சென்னை அன்று கண்டது.

அடுத்த ஆண்டே அதைவிடப் பெரிய துயரம். 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் வானிலேயே சிதறியது. 329 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. குண்டு இருந்த பெட்டி கனடாவின் வான்கூவரில் ஏற்றப்பட்டது. அதைக் கொடுத்தவர் விமானத்தில் ஏறவில்லை. டொரன்டோவில் பெட்டிகளைச் சோதிக்க வைத்திருந்த எக்ஸ்ரே எந்திரம் அன்று பழுதாகிவிட, கையில் பிடிக்கும் மோப்பக் கருவியை வைத்துச் சமாளித்தார்கள். அதே நாளில் ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் இன்னொரு பெட்டி வெடித்துச் சுமை தூக்கும் ஊழியர்கள் இருவர் மாண்டார்கள். 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே பான் ஆம் விமானம் வெடித்து 270 பேர் இறந்ததும் உடன் ஆள் வராத ஒரு பெட்டியால்தான்.

இந்த மரணங்களிலிருந்து ஒரு விதி பிறந்தது. பெட்டி போனால் ஆளும் போக வேண்டும். ஆள் இறங்கினால் பெட்டியும் இறங்க வேண்டும். இந்தியாவில் விமானப் பாதுகாப்பை மேற்பார்வையிட 1978இல் சிறு பிரிவாகத் தொடங்கிய பி.சி.ஏ.எஸ். என்னும் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம், கனிஷ்காவுக்குப் பிறகு 1987 ஏப்ரல் 1 முதல் தனித் துறையாக்கப்பட்டது. 1999 டிசம்பரில் காந்தகாருக்குக் கடத்தப்பட்ட ஐ.சி. 814 விமானத்தின் அனுபவத்துக்குப் பின், 2000ஆம் ஆண்டு முதல் விமான நிலையக் காவல் படிப்படியாக மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் கைக்கு வந்தது. பயணி விமானத்தில் உட்கார்ந்த பிறகு, "ஒரு பயணி வரவில்லை, அவருடைய பெட்டியை இறக்குகிறோம், சற்றுத் தாமதமாகும்" என்று அறிவிப்பு வந்தால் சலித்துக்கொள்ள வேண்டாம். அந்த இருபது நிமிடம் மீனம்பாக்கத்திலும் அயர்லாந்துக் கடலிலும் உயிர் விட்டவர்கள் வாங்கிக் கொடுத்தது.

இப்போது அடுத்த தெருக்காரரின் பொட்டலத்துக்கு வரலாம்.

2019 ஜூலையில் மும்பையிலிருந்து ஓர் இளம் தம்பதி கத்தார் போனார்கள். பயணச் செலவு முழுவதும் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் கொடுத்த பரிசு. மனைவி அப்போது கர்ப்பிணி. உறவினருக்குக் கொடுக்கும்படி அந்தப் பெண்மணி ஒரு பொட்டலமும் கொடுத்தார். உள்ளே மெல்லும் புகையிலை என்றார். தோஹா விமான நிலையத்தில் திறந்தபோது இருந்தது 4.1 கிலோ ஹஷீஷ். இருவருக்கும் பத்தாண்டுச் சிறை. குழந்தை சிறையிலேயே பிறந்தது. மும்பையில் பெற்றோர் விடாமல் அலைந்து, போதைப்பொருள் தடுப்புப் பணியகம் விசாரித்து, அவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் என்ற ஆவணங்கள் கத்தாருக்குப் போய், மறுவிசாரணை நடந்து, 2021 மார்ச்சில் விடுதலை கிடைத்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்! அவர்களுக்கு அந்த ஆவணங்கள் கிடைத்தன. எல்லாருக்கும் கிடைக்கும் என்று நம்பி எவரும் பெட்டி கட்ட முடியாது.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் போகும் சிங்கப்பூரில் சட்டம் இன்னும் கடுமை. 15 கிராமுக்கு மேல் ஹெராயின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. அதைவிட முக்கியமான ஒன்று பலருக்குத் தெரியாது. ஒருவர் வசம் இருக்கும் பையில் போதைப்பொருள் இருந்தால், அது அவருடையது, அவருக்குத் தெரிந்தே இருந்தது என்று அந்நாட்டுச் சட்டம் முதலிலேயே அனுமானித்துக்கொள்ளும். தெரியாது என்று மெய்ப்பிக்கும் பாரம் பயணியின் தலையில். "பக்கத்துத் தெரு அண்ணன் கொடுத்தது" என்பது அங்கே பதிலாகாது.

தமிழில் இதற்கென்றே ஒரு சொல் புழங்குகிறது: குருவி. சிங்கப்பூர், மலேசியா, துபாய், கொழும்பு என்று பறந்து அடுத்தவர் பொருளைச் சுமந்து வருபவர். டிக்கெட்டும் கைச்செலவுக்குச் சில ஆயிரமும் கிடைக்கும் என்று ஆசை காட்டி, வேலை தேடும் இளைஞர்களையும் வீட்டுப் பெண்களையும் இதில் இழுக்கிறார்கள். முன்பு துணி, எலக்ட்ரானிக் சாமான் என்று இருந்தது தங்கமாயிற்று. இப்போது பாங்காக்கிலிருந்து வரும் உயர்ரகக் கஞ்சா சென்னை விமான நிலையத்தில் அடிக்கடி பிடிபடுகிறது. பிடிபடுவது குருவிதான்; அனுப்பியவர் பெரும்பாலும் வெளியே இருப்பார். இலவச டிக்கெட்டோடு யாராவது பெட்டியும் சேர்த்துக் கொடுத்தால், அந்தப் பயணத்தை அங்கேயே கைவிட வேண்டும்.

ஆனால் ஊருக்குள் உறவு கொடுக்கும் முறுக்குப் பொட்டலத்தை என்ன செய்வது? வழி எளிது. பொட்டலம் பிரித்த நிலையில் வர வேண்டும். "தப்பா நினைக்காதீங்க, ஏர்போர்ட்டுல கேப்பாங்க, நான் பிரிச்சுப் பாத்துதான் வெச்சுக்கணும்" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. தைத்த தலையணை, ஒட்டிய செருப்பு, சீல் வைத்த ஊறுகாய்ப் பாட்டில், மாத்திரைப் பெட்டி, மின்சாதனம் ஆகிய ஐந்தையும் யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அவற்றைப் பிரித்தாலும் உள்ளே இருப்பது முழுதாகத் தெரியாது. வேலைக்கு அனுப்பும் ஏஜென்ட் கடைசி நிமிடத்தில் நிலைய வாசலில் நீட்டும் பைக்கும் இதே விதி. உண்மையான அன்பு உள்ளவர் பிரித்துக் காட்டத் தயங்க மாட்டார். தயங்கினால் அதுவே பதில்.

கொடுத்தவர் நல்லவராக இருந்தும் பொருள் வில்லங்கமாவது உண்டு. குருமாவுக்குப் போடும் கசகசா இங்கே மளிகைக் கடைச் சாமான். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். வளைகுடாவின் வேறு சில நாடுகளிலும் அப்படியே; சிங்கப்பூரிலும் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. அபினி தரும் செடியின் விதை என்பதுதான் காரணம். துபாய்க்கு வெற்றிலையும் கொண்டுபோக முடியாது. இந்தியாவில் மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் டிரமடால், கோடீன் கலந்த வலி, இருமல் மருந்துகள் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. அவற்றுக்கு அந்நாட்டு அரசின் முன் அனுமதி வேண்டும். சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை போன்றவற்றையும் பிரித்துச் சம்புடத்தில் கொட்டி எடுத்துப் போகக் கூடாது. அட்டை அட்டையாக, மருந்தின் பெயர் தெரியும்படி, மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டி தொலைந்தாலும் மாத்திரை தொலையாது.

பெட்டி எக்ஸ்ரேக்குள் போகும்போது திரையில் என்ன தெரிகிறது என்று அறிந்தவர் பெட்டியை வேறு மாதிரி கட்டுவார். உணவு, துணி, காகிதம், பிளாஸ்டிக் போன்ற கரிமப் பொருள்கள் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். உலோகம் நீலம். இடைப்பட்டவையும் கலந்து கிடப்பவையும் பச்சை. கதிர் ஊடுருவ முடியாத அடர்ந்த பொருள் கறுப்பு. வெடிமருந்துகளில் பலவும் கரிமப் பொருள்கள், அவையும் ஆரஞ்சு. ஆகவே நான்கு கிலோ மாவும் பொடியும் ஒரே கட்டியாக, அதன் மேல் சார்ஜர் கம்பிகள் சுருண்டு கிடந்தால் திரையைப் பார்ப்பவர் நிறுத்தத்தான் செய்வார்; நிறுத்தாவிட்டால் அவர் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். பொடிகளைச் சிறு சிறு பாக்கெட்டாகப் பிரித்து, மேலே பெயர் எழுதி, பெட்டியின் ஒரு பக்கமும், கம்பிகளைச் சுருட்டி இன்னொரு பக்கமும் வைத்தால் பாதித் தொல்லை தீரும். விபூதிப் பாக்கெட்டின் மேலும் விபூதி என்று எழுதுவது நல்லது. வெள்ளைப் பொடி எந்த நாட்டுச் சுங்க அதிகாரியையும் ஒரு நிமிடம் நிற்க வைக்கும்.

பீங்கானுக்கு இங்கே தனிக் கவனம் தேவை. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையிலிருந்து பொம்மையும் ஜாடியும் மட்டும் வெளியே போவதில்லை. வீடுகளின் மின்பலகையில் மாட்டும் ஃபியூஸ் கேரியர்களும் போகின்றன. வெளியே பீங்கான், உள்ளே பித்தளைத் தகடு, திருகாணி. மாதிரி காட்ட ஒருவர் பத்துப் பதினைந்தை ஒரு துணியில் கட்டிப் பெட்டியில் போட்டால், திரையில் அது அடுக்கி வைத்த மின்கருவி போலத் தெரியும். அவற்றை ஒரே அடுக்காகப் பரப்பி, விலைப்பட்டியலோ நிறுவனத்தின் கடிதமோ மேலே வைத்து, செக்-இன் பெட்டியில் அனுப்புவதே சரி. தடித்த சுவருள்ள ஜாடியும் அப்படி. அதற்குள் ஊறுகாயை நிரப்பி அனுப்பினால், உள்ளே இருப்பது மங்கும். ஜாடி காலியாகப் போகட்டும். ஊறுகாய் தனிப் பாக்கெட்டில் போகட்டும். பீங்கான் கத்தியை உலோகம் தேடும் கதவு கண்டுபிடிக்காது என்று கைப்பையில் வைப்பவர்கள் உண்டு. எக்ஸ்ரே கண்டுபிடிக்கும். எந்தப் பொருளால் செய்தாலும் கத்தி கத்திதான்.

உடையாமல் கட்டும் கலையைச் சூளைக்காரர்களிடம் கேட்டால் ஒரே சொல்லில் சொல்வார்கள்: ஒன்றோடொன்று உரசக் கூடாது. லாரியில் ஏற்ற அவர்கள் வைக்கோல் திணிப்பார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு வைக்கோல் ஆகாது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் வைக்கோல் சுற்றிய பொருளைப் பூச்சி, நோய் அச்சத்தால் நிலையத்திலேயே பிடித்து வைக்கும். மண் ஒட்டிய பொம்மைக்கும் அதே கதி. பீங்கானைக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே குமிழ்த் தாளில் சுற்ற வேண்டும். ஜாடியின் வயிற்றுக்குள் துணி திணிக்க வேண்டும். வெளி அடி தாங்கும் பாத்திரமும் உள் வெற்றிடத்தால் உடையும். பொம்மையின் கை, கழுத்து போன்ற மெலிந்த இடங்களைச் சுற்றிப் பஞ்சு. எல்லாவற்றையும் ஒரு சிறு அட்டைப் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் நான்கு விரற்கடைக்கு மேல் துணி இருக்கும்படி பெரிய பெட்டியின் நடுவில் புதைக்க வேண்டும். கட்டிய பின் குலுக்கிப் பார்க்க வேண்டும். சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

பெட்டியில் வைக்கக் கூடாதவற்றில் தமிழ் வீட்டுக்கு ஆச்சரியம் தருவது கொப்பரை. 2022 மார்ச்சில் பி.சி.ஏ.எஸ். உலர்ந்த தேங்காயைச் செக்-இன் பெட்டியிலும் தடை செய்தது. கொப்பரையின் எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானாகவே சூடேறும்; அடைத்த இடத்தில் அது பற்றிக்கொள்ளக்கூடும். உலக விமானப் போக்குவரத்து விதிகள் அதைத் தானே தீப்பிடிக்கும் பொருள்களின் வரிசையில் வைத்திருக்கின்றன. பூசைக்கு எடுத்துப் போகும் கற்பூரமும் எளிதில் எரியும் திடப்பொருள்; அதுவும் ஆகாது. மத்தாப்பு, பட்டாசு பற்றிச் சொல்லவே வேண்டாம். விதி கண்மூடித்தனமானது என்று நினைப்பவர்கள் 2024 அக்டோபரை நினைவில் கொள்ளலாம். சபரிமலை பக்தர்கள் இருமுடியில் தேங்காய் கொண்டு செல்ல 2025 ஜனவரி 20 வரை சோதனையோடு சிறப்பு அனுமதி தரப்பட்டது. கேட்டுப் பெற்ற சலுகை அது. கேட்காமல் ஒளித்து வைத்தால் சலுகை இல்லை.

கொப்பரையைவிடப் பெரிய ஆபத்து இன்று எல்லார் பையிலும் இருக்கிறது. பவர் பேங்க். லித்தியம் மின்கலம் உள்ளே சேதப்பட்டால் தன்னைத் தானே சூடாக்கிக்கொண்டு எரியும். தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க ஆள் பக்கத்தில் வேண்டும். விமானத்தின் வயிற்றில் ஆள் இல்லை. அதனால்தான் பவர் பேங்கும் உதிரி மின்கலங்களும் செக்-இன் பெட்டியில் கண்டிப்பாகக் கூடாது, கைப்பையில் மட்டும். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் கிளம்பத் தயாராக இருந்த ஏர் பூசான் விமானம் தீப்பிடித்துக் கூரை எரிந்துபோனது. பயணிகள் இறங்கித் தப்பினார்கள். தலைக்கு மேல் பெட்டகத்தில் இருந்த பவர் பேங்க் மீதுதான் சந்தேகம் விழுந்தது. அதன்பின் பல விமான நிறுவனங்கள் விதியை இறுக்கின. 2025 அக்டோபர் 1 முதல் எமிரேட்ஸ் விமானத்தில் ஒருவர் ஒன்றே ஒன்று கொண்டுபோகலாம்; வானில் அதைப் பயன்படுத்தக் கூடாது.

அளவு கணக்கு எளிது. பவர் பேங்க் மேல் எழுதியிருக்கும் மில்லி ஆம்பியர் எண்ணை 3.7ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் வாட்-மணி வரும். 20,000 என்று எழுதியிருந்தால் 74. பொது வரம்பு 100. அதற்கு மேல் 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கும் மேல் போனால் இடமில்லை. எண் அழிந்துபோன பழைய பவர் பேங்க்கைப் பாதுகாப்பு ஊழியர் பறித்துக்கொண்டால் வாதாடிப் பயனில்லை. மறந்துபோய்ச் செக்-இன் பெட்டிக்குள் வைத்துவிட்டால் இன்னும் மோசம்: பெட்டி தனியே ஒதுக்கப்பட்டு, பயணி பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, திறந்து எடுத்துக் கொடுக்கும் வரை அது நகராது.

திரவம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2006 ஆகஸ்டில் லண்டனில் குளிர்பானப் பாட்டில்களில் வெடிதிரவம் கடத்தும் சதி முறியடிக்கப்பட்ட பிறகு, கைப்பையில் ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிக்குள், எல்லாம் ஒரு லிட்டர் கொள்ளும் ஒளி ஊடுருவும் பைக்குள் என்ற விதி வந்தது. தேங்காயெண்ணெய், நெய், ஊறுகாய், தைலம் எல்லாம் திரவக் கணக்குதான். மிளகாய்த்தூளும் கைப்பைக்கு ஆகாது. புதிய ஸ்கேனர் வைத்த சில நிலையங்களில் தளர்வு உண்டு என்றாலும், இடையில் விமானம் மாறும் நிலையத்தில் பழைய விதி இருந்தால் அங்கே பறிபோகும்.

வாயையும் சேர்த்துக் கட்ட வேண்டும். 2024 ஆகஸ்டில் கொச்சி விமான நிலையத்தில் சோதனை செய்த காவலரிடம் ஒரு பயணி, "என் பையில் குண்டா இருக்கிறது?" என்று கேட்டார். பையில் ஒன்றும் இல்லை. கைது மட்டும் நடந்தது. சோதனை நீண்டால் எரிச்சல் வருவது இயல்பே. அதைச் சொல்ல அந்த ஒரு சொல் மட்டும் வேண்டாம்.

கவுண்டரில் பெட்டியைக் கொடுத்ததும் பெரும்பாலோர் அதை மறந்துவிடுகிறார்கள். மறக்கக் கூடாத நிமிடம் அதுதான். ஊழியர் ஒட்டும் பட்டையில் போய்ச்சேரும் நிலையத்தின் மூன்று எழுத்து இருக்கும்: சென்னைக்கு எம்.ஏ.ஏ., திருச்சிக்கு டி.ஆர்.இசட்., சிங்கப்பூருக்கு எஸ்.ஐ.என்., துபாய்க்கு டி.எக்ஸ்.பி. தன் ஊரின் எழுத்து அதில் இருக்கிறதா என்று பயணி பார்த்துவிட வேண்டும். பழைய பயணத்தின் பட்டைகளை வீட்டிலேயே கிழித்தெறிய வேண்டும். எந்திரம் பழைய கோடுகளைப் படித்துவிட்டால் பெட்டி பழைய ஊருக்குப் போகும். போர்டிங் பாஸில் ஒட்டித் தரும் சிறு துண்டுச் சீட்டு பெட்டியின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. ஊர் போய்ச் சேரும்வரை பத்திரமாக இருக்க வேண்டும். பெட்டிக்குள்ளும் ஒரு தாளில் பெயர், வெளிநாட்டு முகவரி, தொலைபேசி எண் எழுதி வைப்பது நல்லது. வெளிப்பட்டை கிழிந்தால் அதுதான் துணை. மூடும் முன் பெட்டிக்குள் இருப்பவற்றைக் கைப்பேசியில் ஒரு படம், மூடிய பின் வெளியே ஒரு படம். அமெரிக்கா போகிறவர் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் சாவிக்குத் திறக்கும் டி.எஸ்.ஏ. பூட்டைப் பயன்படுத்தலாம், அங்கே பயணியை அழைக்காமலே பெட்டியைத் திறக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு, வேறு பூட்டு என்றால் உடைப்பார்கள்.

தங்கம், பணம், சான்றிதழ்கள், வேலை ஒப்பந்தம், மருந்து ஆகியவை பெட்டிக்குள் போகவே கூடாது. உலக அளவில் விமானப் பெட்டிகளைக் கணக்கெடுக்கும் சிட்டா நிறுவனத்தின் கணக்குப்படி 2024இல் ஆயிரம் பயணிகளுக்கு ஆறு பெட்டிக்கு மேல் தாமதமாகவோ, சேதமாகவோ, தொலைந்தோ போயின. விமானம் மாறும் இடத்தில் தவறுவதே அதில் பெரும் பங்கு. திருச்சியிலிருந்து நேராகச் சிங்கப்பூர் போகும் பெட்டியைவிட, இரண்டு இடத்தில் மாறி ஐரோப்பா போகும் பெட்டிக்கு அதிகக் காவல் தேவை. மாறும் இடைவெளி ஒரு மணி நேரம் மட்டும் உள்ள மலிவு டிக்கெட்டில் பயணி ஓடிப் பிடித்துவிடுவார், பெட்டி ஓடாது.

பெல்ட்டில் பெட்டி வரவில்லை என்றால் நிலையத்தை விட்டு வெளியே வரக் கூடாது. அங்கேயே விமான நிறுவனத்தின் கவுண்டரில் பி.ஐ.ஆர். என்னும் புகார்ப் படிவத்தை எழுதி, அதன் எண்ணை வாங்க வேண்டும். உடைந்து வந்தாலும் அப்படியே. உரிமை என்ன என்பதை 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தம் சொல்கிறது. இந்தியா 2009இல் அதில் இணைந்தது. சேதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த ஏழு நாளுக்குள், தாமதத்துக்கு இருபத்தொரு நாளுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். இருபத்தொரு நாள் தாண்டியும் வராத பெட்டி தொலைந்ததாகக் கொள்ளப்படும். 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு உச்ச வரம்பு 1,519 எஸ்.டி.ஆர்.; பன்னாட்டு நிதியத்தின் இந்த அலகு இந்திய மதிப்பில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் வரும். அது உச்சம்தான். இழப்பைக் காட்டினால்தான் பணம், அதற்குத்தான் அந்தக் கைப்பேசிப் படமும் ரசீதுகளும். வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம்.

பீங்கான் கொண்டுபோகிறவருக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. எளிதில் உடையும் பொருள் என்று சொன்னால், உடைந்தால் பொறுப்பில்லை என்ற சீட்டில் கையெழுத்து வாங்குவார்கள். பொருளின் இயல்பான பலவீனத்தால் வந்த சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்று ஒப்பந்தமும் சொல்கிறது. ஆனால் நிறுவனத்தின் சட்டப் பொறுப்பையே இல்லாமல் செய்யும் எந்த நிபந்தனையும் செல்லாது என்றும் அதே ஒப்பந்தம் சொல்கிறது. பெட்டியே நசுங்கி, சக்கரம் பிய்ந்து, ஜாடி தூளாகி வந்தால், சீட்டில் கையெழுத்துப் போட்டோமே என்று வாய் மூடி வர வேண்டியதில்லை. புகார் கொடுக்க வேண்டும்.

எல்லாக் கவனத்தையும் மீறி வெளிநாட்டில் ஒருவர் தடுத்து வைக்கப்பட்டால் அவர் கேட்க வேண்டியது முதலில் இரண்டு: இந்தியத் தூதரகத்துக்குத் தகவல், மொழிபெயர்ப்பாளர். 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு ஒப்பந்தம் முதலாவதைக் கைதானவரின் உரிமையாகவே வைத்திருக்கிறது. புரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. ஊரில் இருக்கும் குடும்பம் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையத் தளத்தில் புகார் பதியலாம். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறையையும் அணுகலாம். தோஹா தம்பதியை மீட்டது மும்பையில் இருந்த பெற்றோரின் கையில் இருந்த ஆதாரங்கள்.

ஆகவே நல்லூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டிக்குள் என்னென்ன, எது யார் கொடுத்தது என்று ஒரு தாளில் எழுதி, கொடுத்தவர் கண்முன்னே பிரித்துப் பார்த்ததையும் குறித்து, அதோடு கடவுச்சீட்டு, விசா, டிக்கெட் நகல்களைச் சேர்த்து, கார் ஏறும் முன் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.